பிளேட் தொண்டையில் இடிக்கிறதா, அங்கி சரிகிறதா? கோளாறைப் பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையிலிருந்து போகிற இரண்டு வகை ஆட்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஒன்று, போர் நடக்கும் நாடுகளுக்குப் போய்ப் படம் எடுக்கிற, செய்தி எழுதுகிற ஆட்கள். மற்றது, செங்கடல் பக்கம் ஓடும் கப்பல்களிலும் மத்திய கிழக்கிலும் காவல் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பேருக்கும் குண்டு துளைக்காத அங்கி பெரும்பாலும் இரவலாகத்தான் கைக்கு வருகிறது. வேறு யாருடைய உடம்புக்கோ வாங்கியது, எத்தனை பேர் போட்டுக் கழற்றியது என்றும் தெரியாது. போட்டதும் ஏதோ ஒன்று சரியில்லை என்று உடம்பு சொல்லிவிடும், ஆனால் எங்கே பிழை என்று விளங்காததால் "பழகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். பழகாது. உறுத்துகிற அங்கியை ஆள் இரண்டாம் நாளே கழற்றி வாகனத்தின் பின் சீற்றில் போட்டுவிடுவார், அதற்குப் பிறகு அது எவ்வளவு நல்ல அங்கியாக இருந்து என்ன.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். பிளேட் என்பது துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கடினமான தகடு. அதைப் போட்டு வைக்கிற பையும் தோள்பட்டிகளும் இடுப்புப் பட்டியும் சேர்ந்த துணிப் பகுதிதான் கரியர். சில கரியர்களில் தகட்டுக்குப் பின்னால் துணி மாதிரி மடங்கும் மென்கவசமும் இருக்கும். இவற்றில் எது பிழை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிளேட் உடம்பு முழுவதையும் மூட வந்ததல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதயம், அதிலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய்கள், நுரையீரலின் பெரும்பகுதி, பின்னால் முதுகெலும்பு, இவற்றுக்குத்தான் அது. வயிற்றில் பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் கிடைக்க வாய்ப்பு உண்டு, பெருநாடியில் பட்டவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. கீழே வருகிற எல்லாத் திருத்தமும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

உட்கார்ந்தால், குனிந்தால் மேல் விளிம்பு தொண்டையில் இடிக்கிறது

அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். "நிக்கேக்க நல்லாத்தான் இருந்தது அண்ணை, படகில குந்தினதும்தான் கழுத்தை நெரிக்குது" என்பார்கள். இடிக்கிறதே என்று தோள்பட்டியைத் தளர்த்தி அங்கியைக் கீழே இறக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அதைச் செய்யவே கூடாது. இறக்கினால் இதயத்துக்கு மேலே இருக்கிற பெரிய குழாய்கள் வெளியே வந்துவிடும். அதோடு, உட்காரும்போது தொடையும் இடுப்பு பெல்ட்டும் பிளேட்டின் அடி விளிம்பைத் தள்ள, அது திரும்பவும் மேலே ஏறித் தொண்டைக்கே வரும். அப்படியானால் பிழை பட்டியில் இல்லை. பிளேட் உங்கள் உடம்புக்கு நீளம் கூடியது.

அளந்து பாருங்கள். இரண்டு காறை எலும்பும் சந்திக்கிற இடத்தில், கழுத்தின் அடியில், விரல் வைத்தால் ஒரு பள்ளம் தெரியும். நிமிர்ந்து நின்றால் பிளேட்டின் மேல் விளிம்பு அந்தப் பள்ளத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து தொப்புளுக்கு மேலே மூன்று, நான்கு விரல் அளவு வரை நீளத்தை அளவுங்கள், அதுதான் உங்கள் பிளேட்டின் உயரம். அகலத்துக்கு ஒரு முலைக்காம்பிலிருந்து மற்றதுக்கு அளந்தால் போதும். ரீசேட் சைஸ் இதற்குள் வரவே வராது. பெரிய வயிறும் கட்டையான மேலுடம்பும் உள்ளவர் ரீசேட்டில் எக்ஸ்எல் போடுவார், பிளேட்டில் அவருக்கு மீடியம்தான் பொருந்தும். ஒல்லியான நெடுவலுக்கு இதே கணக்கு மறுபக்கமாக வரும்.

அமெரிக்கப் படை தன் ஆட்களுக்குக் கொடுக்கிற பிளேட்டுக்கு சாப்பி என்று பெயர், அதன் அளவுகளைத்தான் பல நாடுகளிலும் பின்பற்றுகிறார்கள். ஸ்மோல் ஏறக்குறைய 22 சென்ரிமீற்றர் அகலம், 30 உயரம். மீடியம் 24க்கு 32. லார்ஜ் 26க்கு 34. எக்ஸ்எல் 28க்கு 36. இவை தவிர கடைகளில் அதிகம் விற்கிற 10க்கு 12 அங்குலம் என்ற அளவு ஒன்று உண்டு, அது 25க்கு 30. கவனியுங்கள், அது சாப்பி மீடியத்தை விட ஒரு சென்ரிமீற்றர் அகலம் கூடியது, ஆனால் உயரம் குறைந்தது. நம் ஆட்களில் மேலுடம்பு கட்டையாக இருக்கிற பலருக்குத் தொண்டை இடிப்பது இந்த அளவுக்கு மாறியதும் நின்றுவிடும்.

கையை முன்னால் நீட்ட முடியவில்லை, கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் பிளேட்டின் மூலை தோளில் குத்துகிறது என்றால் அது வேறு கோளாறு. அங்கே பார்க்க வேண்டியது மேல் மூலைகளின் வெட்டு. சாப்பி வெட்டில் மூலை கொஞ்சம்தான் சரியும். ஷூட்டர்ஸ் கட், ஸ்விம்மர்ஸ் கட் என்கிறவற்றில் கூடுதலாகச் சரித்து வெட்டியிருப்பார்கள், கை தாராளமாக வரும், அதற்கு விலையாக மூலையில் கொஞ்சம் மறைப்புக் குறையும். காணொளி எடுக்கிறவருக்கு ஷூட்டர்ஸ் கட் நல்ல தெரிவு என்பது என் எண்ணம். ஸ்விம்மர்ஸ் கட் அளவுக்குப் போகத் தேவையில்லை.

நடந்தால் ஆடுகிறது, ஓடினால் முகவாயில் அடிக்கிறது

இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும், பையிலும் இடுப்புப் பட்டியிலும்.

கரியரைக் கழற்றி மேசையில் வைத்து, வெளியிலிருந்து பிளேட்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பைக்குள் பிளேட் தனியாக நகர்ந்தால் கரியரின் சைஸும் பிளேட்டின் சைஸும் ஒன்றல்ல. சாப்பி மீடியத்துக்குத் தைத்த பையில் 10க்கு 12 பிளேட்டைப் போட்டால் உயரத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கும் மேலே இடைவெளி மிஞ்சும், பிளேட் அவ்வளவும் கீழே இறங்கி நிற்கும். வெளியே பார்த்தால் அங்கி சரியான உயரத்தில் தெரியும், உள்ளே பிளேட் அந்த உயரத்தில் இருக்காது. இரவல் அங்கியில் இது அடிக்கடி நடக்கிறது. கெட்டியான ஸ்பொஞ்சை வெட்டிப் பையின் அடியில் வைத்தால் பிளேட் மேலே ஏறி நிற்கும். பக்கவாட்டிலும் ஆடினால் ஸ்பொஞ்ச் வைத்துச் சமாளிக்காமல் கரியரை மாற்றுங்கள்.

பைக்குள் அசையவில்லை, முழு அங்கியும்தான் ஆடுகிறது என்றால் இடுப்புப் பட்டி. அதன் பெயரில் இடுப்பு இருந்தாலும் அதைக் கட்ட வேண்டியது கீழ் விலா எலும்புகளைச் சுற்றி. நன்றாக மூச்சை இழுத்துப் பிடித்தபடி கட்டுங்கள், மூச்சை விட்ட பிறகு பட்டிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி. கட்டிவிட்டுத் துள்ளிப் பாருங்கள், முழங்காலில் இருந்து பாருங்கள், குப்புறப் படுத்து எழும்பிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கழுத்துப் பள்ளத்தில் விரல் வைத்து, மேல் விளிம்பு பழைய இடத்தில்தான் நிற்கிறதா என்று தடவுங்கள்.

நம் கடற்கரை மணலும் உப்பும் வெல்க்ரோவுக்கு எதிரி. நிலாவெளி மணலில் ஒரு முறை புரண்டால் போதும், பிடி பாதியாகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷால் மணலைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போட்டால் ஓரளவு திரும்பி வரும். வராவிட்டால் பட்டியை மாற்றுவதுதான். நகரில் குஷன் தைக்கிற கடைகளில் தடித்த நைலோன் நூலும் அதற்கான இயந்திரமும் இருக்கும், வெல்க்ரோவையும் பட்டியையும் அவர்கள் சுத்தமாகத் தைத்துத் தருவார்கள். ஆனால் பிளேட்டையும் மென்கவசத்தையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மென்கவசத்தின் உறையில் ஊசி ஏறவே கூடாது, உறை ஓட்டையானால் ஈரம் உள்ளே போகும்.

முன்னால் சரி, பின்னால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை

தனியாகப் பார்க்க முடியாது, இன்னொருவரைக் கூப்பிடுங்கள். குனிந்தால் கழுத்தின் பின்னடியில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். பின் பிளேட்டின் மேல் விளிம்பு அதற்கு இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் கீழே. பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு முன் பிளேட்டும் பின் பிளேட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். முன்னால் கமரா, தண்ணீர், பற்றரி என்று எல்லாவற்றையும் தொங்கவிட்டால் முன்பக்கம் இறங்கிப் பின்பக்கம் ஏறும், அப்போது திருத்த வேண்டியது பட்டியை அல்ல, சாமானைத்தான். முன்னால் இருப்பதில் பாதியைத் தோள் பைக்கு மாற்றுங்கள்.

பிளேட்டின் முகத்தையும் அப்போதே பாருங்கள். எந்தப் பக்கம் வெளியே, எந்தப் பக்கம் உடம்புக்கு என்று லேபிளில் எழுதியிருக்கும். செராமிக் பிளேட்டைத் திருப்பிப் போட்டால் அது வேலை செய்யாது. குண்டை முதலில் கெட்டியான செராமிக் உடைக்க வேண்டும், பின்னால் இருக்கிற நார்ப் படலம் துண்டுகளைப் பிடிக்க வேண்டும், திருப்பினால் இந்த ஒழுங்கே குலைந்துவிடும்.

கை மரத்துப் போகிறது, தோள் எரிகிறது

ஒரு செராமிக் பிளேட் இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரும். முன்னும் பின்னும் இரண்டு, கரியர், மென்கவசம், அதன் மேல் சாமான் என்று சேர்ந்தால் பத்துக் கிலோ சாதாரணமாகத் தாண்டும். அந்தப் பாரம் மெல்லிய பட்டி வழியாகக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கினால், அங்கே கைக்குப் போகிற நரம்புக் கட்டு நசுங்கும். விரல் நுனி விறைப்பதும் பிடி தளர்வதும் அதன் அடையாளங்கள். வலியைத் தாங்கிக்கொள்ளலாம், மரத்துப் போவதைத் தாங்கிக்கொண்டு நடக்கக் கூடாது. உடனே கழற்றுங்கள்.

திருத்தம்: தோள்பட்டியை வெளிப்பக்கமாகத் தள்ளி, அகலமான மெத்தை போடுங்கள். இடுப்புப் பட்டியைச் சரியாக இறுக்கினால் பாரத்தில் ஒரு பங்கை விலா எலும்பு வாங்கும். அதற்குப் பிறகும் மரத்தால் பாரம் கூட என்றுதான் அர்த்தம், குறைந்த எடைப் பிளேட்டைத் தேட வேண்டும்.

நெஞ்சில் தட்டையாகப் பதியவில்லை, மேலே இடைவெளி விழுகிறது

பெண்களிடமிருந்து வருகிற முறைப்பாடு, ஆனால் அவர்கள் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஒரே வளைவுள்ள பிளேட் தட்டையான மார்புக்குச் செய்தது. மார்பகத்தின் மேல் அது உட்காரும்போது மேல் விளிம்பு முன்னால் தள்ளி நிற்கும், அந்த இடைவெளியால் கழுத்தடி திறந்து கிடக்கும், பக்கவாட்டிலும் விலகும். இதற்காகப் பெரிய சைஸ் போடச் சொல்வார்கள், அது பிழை. ஒரு சைஸ் சின்னதாக, பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழுமாகவும் வளைந்த, பல வளைவுள்ள பிளேட்டாகக் கேளுங்கள். உள்ளே தடித்த மெத்தை வைத்த பிராவைத் தவிர்த்து, இறுக்கிப் பிடிக்கிற விளையாட்டு பிராவைப் போட்டுப் பார்த்தால் பிளேட் இன்னும் உள்ளே பதியும். நிறுவனம் அங்கி தருகிறது என்றால், புறப்படுவதற்கு வெகு முன்பே பல வளைவுப் பிளேட் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமையும் உண்டு.

லேபிளில் 3ஏ என்று இருக்கிறது, அது போதுமா?

ரைஃபிளுக்குப் போதாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். 3ஏ என்கிற தரம் கைத்துப்பாக்கி வரைதான். ஏ.கே ரகத்தின் 7.62×39 குண்டு 3ஏ மென்கவசத்தைத் துளைத்துக்கொண்டு போகும்.

அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஜே வைத்த தரத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பழைய 0101.06 தரப்படி லெவல் 3 பிளேட் என்றால் 7.62×51 நேட்டோ எம்80 குண்டை விநாடிக்கு 847 மீற்றர் வேகத்தில் தடுத்திருக்க வேண்டும். லெவல் 4 என்றால் .30-06 கவசம் துளைக்கும் குண்டை 878 மீற்றர் வேகத்தில். 2023இல் புதிய 0101.07 வந்தது, பெயர்களும் மாறின. கைத்துப்பாக்கிக்கு எச்.ஜி1, எச்.ஜி2. ரைஃபிளுக்கு ஆர்.எஃப்1, ஆர்.எஃப்2, ஆர்.எஃப்3. ஆர்.எஃப்3 என்பது பழைய லெவல் 4க்குச் சமம். நடுவில் இருக்கிற ஆர்.எஃப்2 தான் உண்மையில் பயனுள்ள சேர்க்கை, ஏனென்றால் 5.56 எம்855 குண்டைப் பழைய லெவல் 3 சோதிக்கவே இல்லை. அந்தக் குண்டின் நுனியில் எஃகு இருக்கும். பாலித்தீன் நாரை அடுக்கி அழுத்திச் செய்த பிளேட்டுகளில், லெவல் 3இல் தேறிய சிலவற்றை அது துளைத்துவிடும். "3+" என்று ஒட்டி விற்பதைப் பார்த்தால் அது என்.ஐ.ஜே கொடுத்த தரமல்ல, விற்கிறவர் தானே வைத்துக்கொண்டது. எந்தெந்தக் குண்டுக்குச் சோதித்தார்கள் என்று கேளுங்கள், பதில் இல்லாவிட்டால் வேண்டாம்.

தனித்து நிற்கிற பிளேட்டா, மென்கவசத்தோடு சேர்த்துப் போட வேண்டிய பிளேட்டா என்பதும் லேபிளில் இருக்கும். இரண்டாவது வகையை வெறும் கரியரில் போட்டால் எழுதியிருக்கிற தரம் கிடைக்காது. செல்லடி நடக்கிற இடத்துக்குப் போகிறவர் எப்படியும் மென்கவசமும் சேர்ந்த கரியரைத்தான் எடுக்க வேண்டும், செல் சிதறல் பக்கவாட்டிலிருந்தும் வரும், பிளேட் அங்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 24ஆம் திகதி நம் ஊர்ச் செய்தியாளர் சுகிர்தராஜன் வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். குறிவைத்துக் காத்திருப்பவனுக்கு எந்த அங்கியும் விடையல்ல. இங்கே நான் எழுதுவது வழிதவறி வருகிற குண்டுக்கும் சிதறலுக்கும். நல்ல பிளேட் கிடைத்துவிட்டது என்பதற்காகப் போகக் கூடாத தெருவுக்குப் போகாதீர்கள்.

பிளேட்டைத் தட்டினால் ஓரிடத்தில் சத்தம் மாறுகிறது

வெளியே எடுத்து, விரல் முட்டியால் எல்லா இடத்திலும் தட்டிப் பாருங்கள். முழுக்க ஒரே மாதிரி கணீரென்று கேட்டு ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால், அல்லது இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக முறுக்கும்போது நறநறத்தால், உள்ளே செராமிக் வெடித்திருக்கலாம். மூலையில் நசுங்கல், உறை உப்பியிருப்பது, ஓரத்தில் பசை பிரிந்திருப்பது, இவையும் அதே சந்தேகம்தான். சீமெந்துத் தரையில் விழுந்த பிளேட் வெளியே கீறல் இல்லாமலே உள்ளே வெடித்திருக்கலாம், அதைத் தெளிவாகக் காட்டுவது எக்ஸ்ரே மட்டும்தான். சத்தம் மாறிய பிளேட்டை ஒதுக்கிவிடுங்கள். குண்டு பட்டதையும் அப்படியே. காலாவதித் திகதியையும் பாருங்கள், மென்கவசத்துக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு உத்தரவாதம்தான் தருவார்கள்.

சூடும் ஈரமும்

கச்சான் அடிக்கிற காலத்தில் டொக்யார்ட் வீதியில் கண்ணாடி ஏற்றிய வேனை நிறுத்திவிட்டு வந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாலித்தீன் பிளேட்டை அங்கே விடாதீர்கள். அது உருகுவது 130 பாகை செல்சியஸுக்கு மேலேதான், ஆனாலும் வலு அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கும். லேபிளில் வெப்ப எல்லை எழுதியிருக்கும். மென்கவசம் செய்கிற கெவ்லர் போன்ற நார்களுக்கு எதிரி வெயிலும் ஈரமும்.

இதை வீண் பயம் என்று நினைக்காதீர்கள். சைலோன் என்ற நாரில் செய்த அங்கிகள் ஒரு காலத்தில் அமெரிக்கப் பொலிஸாரிடம் ஏராளமாக இருந்தன. 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு பொலிஸ்காரரின் அங்கியைத் தடுக்க வேண்டிய குண்டு துளைத்தது. வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த நார் தளர்கிறது என்று ஆய்வில் தெரிந்து, 2005இல் என்.ஐ.ஜே அதை ஒதுக்கியது. பழைய அங்கி கையில் கிடைத்து, லேபிளில் சைலோன் என்று இருந்தால் அதைப் போடவே வேண்டாம்.

வியர்வையில் ஊறிய அங்கியைச் சுருட்டிப் பையில் திணிக்காமல், பிளேட்டையும் மென்கவசத்தையும் எடுத்துவிட்டுத் துணியை மட்டும் மென்மையான சோப்பில் கையால் கழுவுங்கள். மென்கவசத்தின் உறையை ஈரத் துணியால் துடைத்தால் போதும். வாஷிங் மெஷினும் பிளீச்சும் கிட்ட வரக் கூடாது. காய வைப்பது நிழலில், தட்டையாக.

போட்டிருக்கிற ஆளுக்கும் சூடுதான் பெரிய ஆபத்து. உள்ளே பருத்திப் பெனியன் போடுங்கள், தாகம் வருவதற்கு முன்னமே குடியுங்கள். தலை சுற்றி, பேச்சுக் குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய் முதலில் அங்கியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

படகிலும் கப்பலிலும்

செராமிக்கும் எஃகும் உங்களை நேராகக் கீழே இழுக்கும். முழுப் பாலித்தீன் பிளேட் தண்ணீரை விடக் கொஞ்சம் பாரம் குறைந்தது, மிதக்கும், ஆனால் அதை நம்பி உயிர்காப்பு அங்கியை விடக் கூடாது. கடல் வேலைக்கு ஒரே இழுவையில் கழன்று விழுகிற கரியராகப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் மட்டும், வலது கையால் மட்டும் என்று கரையில் இழுத்துப் பழகுங்கள். உயிர்காப்பு அங்கி மேலே வர வேண்டும், கரியரின் இழுவை வளையம் அதற்குள் மறையக் கூடாது. இரண்டும் சேர்ந்து போட்டு வளையம் கைக்கு எட்டாவிட்டால் அந்தச் சேர்க்கை பிழை, ஒன்றை மாற்றுங்கள்.

மலிவாக எஃகுப் பிளேட் கிடைக்கிறது

பாரமும் கூட, இன்னொரு ஆபத்தும் உண்டு. குண்டு எஃகில் பட்டுச் சிதறி, அந்தத் துண்டுகள் விளிம்பு வழியாகக் கழுத்துக்கும் முகவாய்க்கும் கைக்கும் பறக்கும். மேலே பூசியிருக்கிற றப்பர் பூச்சு அதைக் கொஞ்சம் பிடிக்கும், முழுவதும் பிடிக்காது. காசில்லாவிட்டால் எஃகை வாங்குவதை விட இரவலாக நல்ல செராமிக்கைத் தேடுங்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு சுயாதீனச் செய்தியாளர்களுக்கு அங்கியும் தலைக்கவசமும் இரவலாகக் கொடுக்கிறது, அவர்களுக்கு எழுதும்போது மேலே அளந்த உயரத்தையும் அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள். சொந்தமாக வெளிநாட்டில் ஓடர் போட நினைத்தால் பணம் கட்டுவதற்கு முன் பாதுகாப்பு அமைச்சிலும் சுங்கத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறம் கருநீலமாக இருக்கட்டும். உருமறைப்புத் துணியில் தைத்த கரியர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நீங்கள் படையாள்.